122 செ.மீ. ரைடுக்கு பையன் 119.5 தான் இருக்கான். ஷூவுக்குள்ள அட்டை வெச்சு கூட்டிட்டுப் போகலாமா?

போரூர்_ராஜி

எல்லாருக்கும் வணக்கம். மே லீவுல ஒரு வாரம் சிங்கப்பூர் போறோம். நாங்க ரெண்டு பேர், ஆறரை வயசு பையன், மூணே கால் வயசு பொண்ணு, கூட மாமியார். செந்தோசா யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கி இருக்கோம்.

பையன் ரெண்டு மாசமா யூடியூப்ல அங்க இருக்கிற மம்மி ரைடு (இருட்டுக்குள்ள ஓடுற ரோலர் கோஸ்டர்) வீடியோ பார்த்துட்டே இருக்கான். தூங்கும்போதுகூட அதே பேச்சு. அதுக்கு 122 செ.மீ. உயரம் வேணுமாம். நேத்து ராத்திரி கதவு நிலையில நிக்க வெச்சு, தலை மேல கணக்கு நோட்டை வெச்சு பென்சில்ல கோடு போட்டேன். 119.5. ஷூ போட்டா 121.5 வருது. அரை செ.மீ. தான் குறைச்சல்.

கொழுந்தனார், "உள்ள ரெண்டு இன்சோல் போடுங்க அண்ணி, யாரும் ஷூவைக் கழட்டிப் பார்க்க மாட்டாங்க"ன்னு சொல்றார். வீட்டுக்காரரும் சரிங்கிறார். இவ்ளோ செலவு பண்ணிப் போயிட்டு அரை செ.மீ.க்காக பிள்ளை அழுதா தாங்க மாட்டேன்னு அவருக்கு. எனக்கு மனசு ஒப்பல. ஆனா ஏன் ஒப்பலன்னு கேட்டா சொல்லவும் தெரியல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. சின்னவ 94 செ.மீ. அவளுக்கு அங்க என்ன கிடைக்கும்னும் சொல்லுங்க.

நெல்லை_பவித்ரா

நாங்களும் ஜூன்ல போறோம். பதிலுக்குக் காத்திருக்கேன்.

செங்காங்_மீனா

ராஜி, நான் பதினோரு வருஷமா இங்கதான் இருக்கேன். ரெண்டு பிள்ளைங்களோட அந்தப் பார்க்குக்கு எத்தனை தடவை போயிருப்பேன்னு கணக்கில்ல. முதல்ல விவரம் சொல்லிடறேன். கேனபி ஃபிளையருக்கு 92, புஸ் இன் பூட்ஸுக்கு 100, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, ஜுராசிக் பார்க் ரப்பர் படகுக்கு 107, மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கோஸ்டர் ரெண்டுக்கும் 125. ஒரு அளவு வேற பார்க்கணும்: 122க்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க கூட பெரியவங்க ஒருத்தர் ஏறியே ஆகணும். கிளம்புறதுக்கு முந்தின நாள் அவங்க ஆப்ல இன்னொரு தடவை பார்த்துக்குங்க.

அப்படிப் பார்த்தா உங்க பையனுக்கு மூணு ரைடுதான் இல்ல, மத்ததெல்லாம் உண்டு. சின்னவளுக்கு கேனபி ஃபிளையர் கிடைக்கும். தண்டவாளத்துக்குக் கீழ தொங்குற இருக்கை, முன்னால ரெண்டு பேர், முதுகுக்கு முதுகு பின்னால ரெண்டு பேர். ஒரு நிமிஷம்கூட ஓடாது, ஆனா வரிசை நீளமா இருக்கும். காலைல கேட் திறந்ததும் நேரா அங்க போங்க.

இன்சோல் விஷயம். வாசல்ல ஒரு அளவுகோல் இருக்கும். சந்தேகம் வந்தா குதிகாலைத் தரையில அழுத்தச் சொல்வாங்க. என் கண்ணு முன்னாடி ஒரு பையனை ஷூவைக் கழட்டச் சொன்னாங்க. உள்ள மடிச்ச கார்ட்போர்டு. பின்னால அவ்வளவு பேர் நிக்கிறாங்க. அந்தப் பிள்ளை அப்பா முகத்தைப் பார்த்துட்டு அப்படியே தலை குனிஞ்சான். அது எனக்கு இன்னும் மறக்கல. பிடிபடாம போனாலும், அந்த ரைடு உள்ள எப்படி இருக்குன்னு தெரிஞ்சா நீங்களே வேணாம்னுடுவீங்க. கும்மிருட்டு. ஒரு இடத்துல வண்டி நின்னுடும், அப்புறம் பின்னோக்கிச் சரியும், இருட்டுக்குள்ளேயே திரும்பி, சடார்னு முன்னால பாயும். எப்போ எந்தப் பக்கம் இழுக்கும்னு பெரியவங்களுக்கே தெரியாது.

திருப்பூர்_கார்த்தி

எல்லாரும் ரொம்பப் பயமுறுத்துறீங்க. போன வருஷம் வேற ஒரு நாட்டுல, வேற பார்க்குல, என் பொண்ணு ரெண்டு செ.மீ. கம்மி. கெட்டி அடிப்பாக ஷூ வாங்கிப் போட்டேன். ஏறினா, இறங்கினா, திரும்பவும் போகணும்னா. ஒண்ணும் ஆகல. இந்த அளவெல்லாம் கேஸ் வந்தா தப்பிக்கிறதுக்காக கம்பெனிக்காரன் ஏத்திப் போடுறது. அரை செ.மீ.ல உயிரு போயிடாது. பிள்ளையோட ஆசைதான் முக்கியம்.

சுந்தரம்_மெக்கானிக்கல்

கார்த்தி தம்பி, நான் ஒன்பது வருஷம் வளைகுடாவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். ரைடு ஓடத் தொடங்கும் முன் காலையில் ஒவ்வொரு இருக்கையின் கம்பியையும் இழுத்துப் பார்ப்பதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உயரம் என்பது வழக்குக்குப் பயந்து போட்ட எண் இல்லை. அது இருக்கையின் அளவு. ஒரு கோஸ்டரை வடிவமைக்கும்போது அதன் முடுக்கம் எந்தப் பக்கம், எவ்வளவு என்று கணக்கிட்டு, அதற்கேற்ற பிடிமானத்தை (ஆளை இருக்கையில் பிடித்துவைக்கும் கம்பி, பெல்ட் போன்றவை) முடிவு செய்கிறார்கள். ரைடு வடிவமைப்புக்கான அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்2291 தரநிலையில் பிடிமானங்கள் 1 முதல் 5 வரை வகை பிரிக்கப்பட்டிருக்கும். மெதுவாகச் சுற்றும் குடைராட்டினத்துக்குக் கம்பியே தேவைப்படாமல் போகலாம். உடம்பை இருக்கையிலிருந்து மேலே தூக்கும் ரைடுக்குப் பூட்டும் கம்பி கட்டாயம். அந்தக் கம்பி யாரைப் பிடிக்கும்? தொடையும் இடுப்பும் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வளர்ந்தவரை. ஏறும் ஒவ்வொருவருக்கும் இடுப்பை அளந்துகொண்டிருக்க முடியாது. அதனால் வாசலில் நொடியில் பார்க்கக்கூடிய ஒன்றை வைத்தார்கள். அதுதான் உயரம்.

மேட்டிலிருந்து வண்டி கீழே விழும் அந்தக் கணத்தில் வயிற்றில் ஒன்று புரளுமே, அப்போது உங்கள் உடம்பு இருக்கையை விட்டுக் கிளம்பப் பார்க்கிறது. பெரியவருக்குத் தொடை கம்பியில் முட்டி நின்றுவிடும். ஒல்லிப் பிள்ளைக்குக் கம்பிக்கும் மடிக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் இருந்தால் அந்த உடம்பு முதலில் அந்த இடைவெளியைக் கடக்கும், அப்புறம்தான் கம்பியில் மோதும். அதே நொடியில் வண்டி பக்கவாட்டில் திரும்பினால் பிள்ளை கம்பிக்கு அடியில் வழுக்கலாம். ஒரே கம்பியை இரண்டு பேர் பகிரும் இருக்கை இன்னும் மோசம். அப்பாவின் தொடையில் கம்பி நின்றுவிடும், பக்கத்தில் பிள்ளையின் மடிக்கு மேல் அது அந்தரத்தில் இருக்கும்.

இது ஊகம் இல்லை. பென்சில்வேனியாவில் ஐடில்வைல்டு என்ற பூங்காவில் 1938-ல் கட்டிய மர கோஸ்டர் ஒன்று, பூட்டும் கம்பியே இல்லாமல் பல பத்தாண்டுகள் ஓடியது. 2016 ஆகஸ்டில் 3 வயதுச் சிறுவன் அதிலிருந்து விழுந்தான். நல்லவேளை பிழைத்துக்கொண்டான். அதன் பிறகுதான் அதில் பிடிமானம் வைத்த புது வண்டி வந்தது. அத்தனை வருடமும் "ஒண்ணும் ஆகல" என்றுதான் அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அளவு மேல்பக்கமும் உண்டு. 2022 மார்ச்சில் ஆர்லாண்டோவில் செங்குத்தாக விழும் கோபுர ரைடில் 14 வயதுப் பையன் இறந்தான். பெரிய உடம்பு, அனுமதித்த எடையைத் தாண்டியவன். அவன் உட்கார்ந்த இருக்கையின் சென்சாரை ரைடை நடத்தியவர்கள் கையால் மாற்றி வைத்திருந்ததாக மாநில அரசின் விசாரணை சொன்னது. கவசம் முழுசாக மூடாமலே பச்சை விளக்கு எரிந்தது. காரணம் வேறு, ஆனால் கொன்றது அதே இடைவெளிதான்.

இன்னொன்று, தலை. பிறந்த குழந்தையின் உயரத்தில் கால் பங்கு தலை. பெரியவருக்கு ஏழில் ஒன்று, எட்டில் ஒன்று. ஆறு வயதுப் பிள்ளை நடுவில் இருக்கிறது: தலை கனம், கழுத்து மெலிசு. இருட்டில் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாததால் கழுத்தை முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளவும் முடியாது.

உடன்குடி_செல்வி

சுந்தரம் அண்ணன் சொன்ன அந்த இடைவெளியை நான் கையால தொட்டுப் பார்த்தவ. எங்க பக்கத்து ஊர்த் திருவிழாப் பொருட்காட்சி. கொலம்பஸ் கப்பல். அங்க அளவுகோலும் கிடையாது, ஒரு போர்டும் கிடையாது. டிக்கெட் இருந்தா ஏறலாம். என் மகளுக்கு அப்போ அஞ்சு வயசு. நடுவுல நான், ஒரு பக்கம் அவ, இன்னொரு பக்கம் தெரியாத ஒரு அம்மா. மூணு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி. அது அந்த அம்மா மடியில இடிச்சு நின்னுடுச்சு.

கப்பல் பாதி உயரம் போனதும் மக இருக்கைய விட்டு எழும்புறா. கம்பிக்கும் அவ வயித்துக்கும் நடுவுல என் முழங்கையே போகுது. கம்பியை விட்டுட்டு ரெண்டு கையாலயும் அவளைக் கட்டிப் பிடிச்சுட்டு, நிறுத்துங்கன்னு கத்துறேன். பாட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. இன்னும் ரெண்டு நிமிஷமாவது ஆடியிருக்கும். இறங்கினப்போ அவ பாவாடையோட எலாஸ்டிக் தழும்பு என் உள்ளங்கையில பதிஞ்சிருந்துச்சு.

ராஜி, உங்களுக்கு மனசு ஒப்பலைல்ல, அது போதும். வேற காரணம் தேட வேணாம்.

திருப்பூர்_கார்த்தி

செல்வி அக்கா, படிச்சதும் நெஞ்சு படபடன்னு ஆயிடுச்சு. ஆனா ஒரு கேள்வி. பொருட்காட்சி ராட்டினமும் பெரிய பார்க்கும் ஒண்ணு இல்லையே? அது போக, உயரம் சரியா இருந்தும் பிள்ளைங்க செத்திருக்காங்க. கேன்சஸ்ல 2016ல அந்த 168 அடி தண்ணிச் சறுக்குல 10 வயசு பையன் போனானே, அவனுக்கு உயரம் சரியாத்தானே இருந்துச்சு? அப்போ அந்தக் கோலை நம்பி என்ன பிரயோஜனம்?

சுந்தரம்_மெக்கானிக்கல்

நல்ல கேள்வி தம்பி. அந்தச் சறுக்கின் வடிவமைப்பே தப்பு. படகு காற்றில் எழும்பியது. கோல் அங்கே எதையும் காப்பாற்றியிருக்காது. பிறகு அதை இடித்தே விட்டார்கள். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு தலைகீழாக இருக்கிறது. கோலில் தேறிய பிள்ளைக்கே ஆபத்து மிச்சம் இருக்கிறது என்றால், தேறாத பிள்ளையை ஏற்றலாம் என்று ஆகுமா? கோல் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த உயரத்துக்குக் கீழே இந்தக் கம்பி பிடிக்கும் என்று செய்தவனே சொல்லத் துணியவில்லை. அதற்கு மேல் வண்டியின் பராமரிப்பு, ஊழியரின் கவனம், பிள்ளை கையைக் காலை உள்ளே வைத்துக்கொள்வது எல்லாம் இருக்கிறது. உங்கள் மகள் நல்லபடியாக இறங்கியதில் எனக்கும் சந்தோஷம். அடுத்த முறை கெட்டி ஷூ வேண்டாம்.

டாம்பா_வித்யா

ஃப்ளோரிடாவிலிருந்து எழுதுகிறேன். டிஸ்னி பூங்கா எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். அங்கே அளவு அங்குலத்தில்: பார்ன்ஸ்டார்மர் 35, ஏழு குள்ளர் சுரங்க ரயில் 38, ஸ்பேஸ் மவுண்டன் 44, ட்ரான் 48. பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போகும். எங்கள் வீட்டில் பிறந்தநாளைவிட அந்த அங்குலங்களைத்தான் பெரிதாகக் கொண்டாடுவோம்.

நான் சொல்ல வந்தது வேறு. ராஜியின் பிள்ளைக்கு உயரம் போதவில்லை. என் மகளுக்கு உயரம் இருந்தது. நாலு வயதிலேயே 41 அங்குலம், அப்பா வழி. "40 தானே, வா" என்று டவர் ஆஃப் டெரருக்குக் கூட்டிப்போய்விட்டேன். லிஃப்ட் மாதிரி ஒன்று மேலே போய்ச் சடசடவென்று விழும். பூட்டு, பெல்ட் எல்லாம் சரியாக இருந்தது. கீழே வந்தபோது அவள் அழக்கூட இல்லை, உதடு மட்டும் வெள்ளையாக இருந்தது. அடுத்த ஏழெட்டு மாதம் எந்தக் கட்டடத்திலும் லிஃப்டில் ஏற மாட்டாள். பல் டாக்டரைப் பார்க்க ஐந்தாவது மாடிக்குப் படியேறிப் போவோம். உயரம் ஏறினால் மனசும் ஏறிவிட்டது என்று நினைத்தது என் தப்பு. அது அவளுக்குப் பட்ட காயம்தான். கம்பி காப்பாற்றாத காயம்.

அதனால் ராஜி, ஜுராசிக் படகுக்கு 107 இருக்கிறானே என்று அப்படியே ஏற்றிவிடாதீர்கள். முக்கால்வாசி அமைதியான ஆறு, கடைசியில் இருட்டு அறை, லிஃப்ட், தலைக்கு மேல் டைனோசர், அப்புறம் தொபுக்கடீர் என்று இறக்கம். முழு வீடியோவைச் சத்தத்தோடு காட்டி, "இப்போது இருட்டாகும், இப்போது விழும்" என்று முன்பே சொல்லிவையுங்கள்.

இன்னும் ஒன்று, எல்லாப் பெற்றோருக்கும். கொலராடோவில் 2021 செப்டம்பரில் 6 வயதுக் குழந்தை ஒரு ரைடில் இறந்தாள். உயரத்தில் குறையில்லை. பெல்ட் மடிமேல் இல்லை. அவள் பெல்ட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். இயந்திரம் எச்சரித்தும் ஊழியர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. அதைப் படித்த நாளிலிருந்து, ஊழியர் இழுத்துப் பார்த்த பிறகும் நான் ஒருமுறை என் கையால் இழுத்துப் பார்க்காமல் விடுவதில்லை.

மயிலை_கோபாலன்

என் கருத்து கொஞ்சம் மாறுபடும். இருட்டுக்கும் வேகத்துக்கும் பயந்த பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்தால் பயம்தான் வளரும். எங்களை எல்லாம் கிணற்றில் தள்ளித்தான் நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள்.

டாம்பா_வித்யா

ஐயா, கிணற்றில் தள்ளியவர் கூடவே குதித்திருப்பார். இடுப்பில் சுரைக்குடுவையோ கயிறோ கட்டியிருப்பார். மூச்சு முட்டினால் தூக்கி மேலே போட்டிருப்பார். ரைடு புறப்பட்ட பிறகு "போதும்பா" என்று பிள்ளை சொன்னால் என்னால் நிறுத்த முடியாது. அந்த வித்தியாசம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மயிலை_கோபாலன்

ஒத்துக்கொள்கிறேன் அம்மா. என் தாத்தா கரையிலேயே நின்றதில்லை, தண்ணீரில்தான் இருந்தார்.

போரூர்_ராஜி

எல்லாருக்கும் நன்றி. செல்வி எழுதினதை வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "இன்சோல் வேணாம்"னுட்டார். இப்போ பிரச்சினை பையன்கிட்ட எப்படிச் சொல்றதுங்கிறது. வளரலைன்னு சொன்னா உடைஞ்சு போயிடுவான். வகுப்புல அவன்தான் ரெண்டாவது குட்டை.

செங்காங்_மீனா

வாசல்ல வெச்சு சொல்லாதீங்க, வீட்டுலேயே சொல்லிடுங்க. குட்டைங்கிற வார்த்தையே வேணாம். உலக சுகாதார நிறுவனத்தோட வளர்ச்சி அட்டவணையில 6 வயசு பையனுக்கு நடுமட்டம் 116 செ.மீ., 7க்கு 122ஐ ஒட்டி, 8க்கு 127. அதாவது அந்த ரைடு கேக்கிற 122ங்கிறது ஏழு வயசு பையனோட நடுமட்ட உயரம். உங்க பையன் அவன் வயசுக்கு நல்லாத்தான் வளர்ந்திருக்கான். வரிசையில முன்னால யார் நிக்கிறான்னு பார்த்துட்டு அவனா குட்டைன்னு முடிவு பண்ணிட்டான்.

ராத்திரி அளந்தீங்கன்னு எழுதி இருந்தீங்க. நாள் பூரா ஓடி ஆடினதுல முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கி, சாயங்காலம் ஒரு செ.மீ. வரைக்கும் குறையும். காலைல எழுந்ததும் அளந்தா கூட வரும். அப்படியே ஷூவோட 122 வந்து, அங்க இருக்கிறவங்களும் சரின்னு சொன்னா, அதுல தப்பு இல்ல. சாதாரண ஷூ போட்டு அளக்கிறதுதான் நடைமுறை. ஆனா வரும்னு அவன்கிட்ட வாக்கு குடுக்காதீங்க.

நீங்க ரெண்டு பேரும் மம்மி போக ஆசைப்பட்டா, வாசல்ல ஊழியர்கிட்ட சைல்டு ஸ்விட்ச் இருக்கான்னு கேளுங்க. ஒருத்தர் போயிட்டு வர்ற வரைக்கும் இன்னொருத்தர் பிள்ளைங்களோட இருந்துட்டு, அப்புறம் திரும்பவும் வரிசையில நிக்காம மாத்திக்கலாம். பாட்டியைத் தனியா ரெண்டு பிள்ளைங்களோட விட்டுட்டுப் போகாதீங்க, வெயில் கொல்லும்.

போரூர்_ராஜி

போயிட்டு வந்துட்டோம். நாலு நாள் ஆச்சு, இப்போதான் எழுத முடிஞ்சுது.

கிளம்புற முந்தின வாரமே உக்கார வெச்சு சொல்லிட்டேன். "அந்தக் கம்பி உன்னைப் பிடிச்சுக்கிற அளவுக்கு நீ இன்னும் ரெண்டு விரல் வளரணும்"னு, டைனிங் நாற்காலியில உக்கார வெச்சு, சப்பாத்திக் கட்டையை மடி மேல குறுக்கால பிடிச்சுக் காட்டினேன். கட்டைக்கும் மடிக்கும் நடுவுல அவனே கையை விட்டுப் பார்த்தான். "இதுக்குள்ளாற நான் போயிடுவேனா?"ன்னு கேட்டான். அழுதான், அரை மணி நேரம். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வீடியோ போடச் சொன்னான்.

அங்க போனதும் அவனாவே அளவுகோல்கிட்ட போய் நின்னான். சுண்டுவிரல் அளவு குறைஞ்சுது. அந்த ஊழியர் பொண்ணு மண்டி போட்டு, அவன் கண்ணுக்கு நேரா பார்த்து, அடுத்த தடவை வான்னு சொல்லிச்சு. வீட்டுக்காரர் மட்டும் உள்ள போயிட்டு வந்தார். வந்ததும் எதுவும் பேசாம பையன் தோள்ல கை போட்டுக்கிட்டார். ராத்திரி ஹோட்டல்ல சொன்னார், "அந்த இருட்டுல பக்கத்துல யாரு இருக்காங்கன்னே தெரியலடி. அவன் கத்தி இருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது."

ஜுராசிக் படகுல பையன் ரெண்டு தடவை போனான், ரெண்டாவது தடவை கடைசி இறக்கத்துக்கு முன்னால எங்களுக்கு அவனே சொல்றான், "இப்போ இருட்டும் பாருங்க." சின்னவதான் எதிர்பார்க்காதது. கேனபி ஃபிளையருக்கு ஐம்பது நிமிஷம் வரிசையில நின்னு, இருக்கையில உக்காந்து, கம்பி இறங்கினதும் "வேணாம்"னுட்டா. ஒரே வார்த்தை. நான் கையைத் தூக்கினேன், உடனே கம்பியைத் திறந்துவிட்டாங்க. யாரும் முகம் சுளிக்கல. வெளிய வந்து பாட்டி மடியில உக்காந்து பாப்கார்ன் சாப்பிட்டா, அவ்ளோதான்.

கார்த்தி, உங்களைத் திட்டணும்னு இந்தக் கேள்வியைப் போடல. நீங்க கேட்டதனாலதான் சுந்தரம் சார் அவ்வளவு விவரமா எழுதினார்.

திருப்பூர்_கார்த்தி

பரவால்லைங்க. அந்தக் கெட்டி ஷூ இன்னும் வீட்டுல இருக்கு. பொண்ணுக்கு இப்போ சின்னதாயிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டாங்க, ஸ்கூலுக்குத்தான்னு உறுதியாத் தெரிஞ்சப்புறம் குடுத்தேன்.

நெல்லை_பவித்ரா

ராஜி அக்கா, ரொம்ப உதவியா இருந்துச்சு. என் பொண்ணுக்கு அஞ்சு வயசு, வெறுங்கால்ல 101, தினமும் போடுற ஷூவோட 103. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. போகலாம்ல? அவளுக்குச் சத்தம்னா கொஞ்சம் பயம்.

போரூர்_ராஜி

அளவு ஆயிடும் பவித்ரா. ஆனா சத்தம் அதிகம், திரை கண்ணு முன்னாடியே வரும், வண்டியும் குலுங்கும். எங்க பையன் நடுவுல 3டி கண்ணாடியைக் கழட்டிட்டு, கண்ணை மூடி, என் கையைப் பிடிச்சுக்கிட்டான். கண்ணாடியை எப்படிக் கழட்டுறதுன்னு வீட்டுலேயே சொல்லிக் குடுத்துடுங்க. வரிசையில நிக்கும்போதே சத்தம் கேக்கும். அங்கேயே அவ முகம் மாறினா கூட்டிட்டு வந்துடுங்க.